தேன் என்று சொல்லக் கூடாத தேன்

லோர்னா யூட் தன் வாசலில் வைத்து விற்றது தேன்தான் என்பதில் ரொம்ப காலம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த மாதிரி சந்தேகம் வர வேண்டுமென்றால் அதற்கு ஒரு பேரவை வேண்டும். கோர்மன் பள்ளத்தாக்கில் அப்போது பேரவை எதுவும் இல்லை. தேனீக்கள் இருந்தன, மழை இருந்தது, ஆளுக்கொரு பழைய லாரி இருந்தது. ஜனங்கள் அதை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

டாஸ்மேனியாவின் மேற்குப் பக்கம், மூன்று நாள் வெயிலடித்தால் என்னவோ ஏதோ என்று பயப்படுகிற ஊர் அது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் மழைக்காட்டுக்குள்ளே லெதர்வுட் மரங்கள் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அதற்குள் தேனீப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். லோர்னாவின் கணவன் லெஸ் முதுகுவலியால் பாரம் தூக்க முடியாமல் போன பிறகு, அவள் பெட்டிகளும் பக்கத்துப் பண்ணை கெல்வின் டிரிஃபெட்டின் பெட்டிகளும் ஒரே லாரியில்தான் போய் வந்தன. ஒருவர் பெட்டியில் ராணித் தேனீ செத்துப் போனால் மற்றவர் ஒன்று கொடுப்பார். வண்டி சேற்றில் மாட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவார்கள். லோர்னாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. கெல்வின் இருந்ததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

விற்பனையும் சிக்கலில்லாததுதான். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அலமாரி, அதில் பாட்டில்கள், மூடியில் ஓட்டை போட்ட ஒரு தகர டப்பா. வருகிறவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு டப்பாவில் காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியது. அங்கே ஆள் நிற்பதில்லை, உருளைக்கிழங்கு விற்பவரும் முட்டை விற்பவரும் அந்தச் சாலை முழுக்க அப்படித்தான் விற்றார்கள். தின்று முடித்த பாட்டிலைக் கழுவித் திரும்பக் கொண்டுவந்து வைப்பதும் வழக்கம். அதனால் லோர்னாவின் தேன் ஜாம் பாட்டிலிலும் இருக்கும், ஊறுகாய் பாட்டிலிலும் இருக்கும். மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் அவள் கையெழுத்தில் 'தேன். லோர்னா.' அவ்வளவுதான் லேபிள்.

ஒரு நாள் மத்தியானம் கெல்வின் நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்து லோர்னாவின் சமையலறை மேசையில் வைத்தான். மேலே பளபளவென்று மலைப் படம். கீழே கொட்டை எழுத்தில் 'கோர்மன் பள்ளத்தாக்குத் தேன்'.

"தொட்டு நாக்குல வெச்சுப் பாரு," என்றான்.

லோர்னா வைத்துப் பார்த்தாள். "சீனிப் பாகு."

"படத்தப் பாத்தியா? நம்ம மலை."

லெஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "மலையப் படம் எடுக்கையில நம்ம மாடும் விழுந்திருக்குடா. இந்த ஓரத்துல நிக்குற கறுப்பி நம்மளுதுதான்."

"சிரிக்காத லெஸ். யாரோ மெல்பர்ன்காரன், பெரிய கம்பெனி. எங்கெங்கேயோ இருந்து பீப்பாயில வாங்கி, பாகு கலந்து, நம்ம பேரப் போட்டு அடைக்கிறான். இப்படியே விட்டா நாளைக்கு நம்ம பேரு நமக்கே இருக்காது."

"அதுக்கு என்ன பண்றது?" என்றாள் லோர்னா.

"நாமளே ஒரு பேரவை வைக்கணும். நம்ம பள்ளத்தாக்குப் பேர எல்லாருமாச் சேர்ந்து பேரவைகிட்ட ஒப்படைச்சிடணும். அது முத்திரை குடுக்கும். முத்திரை இல்லாதவன் இந்தப் பேரப் பாட்டில்ல போடவே முடியாது. உள்ள போட்டுடுவாங்க."

அது நியாயமாகப் பட்டது. தேனீ வளர்ப்பவர்கள் கூட்டமென்றாலே ஓடி ஒளிகிறவர்கள், ஆகையால் லோர்னாதான் வீடு வீடாகப் போனாள். மலையடிவாரத்தில் இருந்த மெர்வ் டிரீன் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தான். "பேர ஒருத்தன்கிட்ட குடுத்துட்டா அப்புறம் அவன்கிட்ட போய்ல்ல கேட்டு வாங்கணும்?" என்றான்.

"ஒருத்தன் யாரு? கெல்வின்தானே? அவனுக்கு நான் பொறுப்பு."

"நீ சொல்றேன்னா சரி," என்று மெர்வும் போட்டுவிட்டான். லோர்னா ஒரு கேக்கைச் சுட்டு அவன் வீட்டுக்கு அனுப்பினாள்.

அசல் தேன் பேரவை பிறந்தது. கெல்வின் தலைவரானார். தலைவராகிவிட்டபடியால் இனி நாமும் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். முதல் வேலையாகத் தலைவர் தம்முடைய தேனீப் பெட்டிகளை எல்லாம் விற்றுவிட்டார். நடுவில் நிற்க வேண்டியவருக்குச் சொந்தத்தில் தேன் இருப்பது முறையல்ல என்றார், ஊரே மெச்சியது. வாங்கியது அந்த மெல்பர்ன் கம்பெனி. இரண்டாவது வேலையாக அதே கம்பெனிக்குப் பேரவையில் ஒரு நாற்காலி போடப்பட்டது. லோர்னாவுக்கு அது கொஞ்சம் இடித்தது. ஃபோன் போட்டுக் கேட்டாள்.

"லோர்னா, யோசிச்சுப் பாரு. திருடன வெளியில விட்டா எங்க திருடுறான்னு நமக்குத் தெரியாது. உள்ள உக்காரவெச்சா கண்ணு முன்னால இருப்பான்."

லோர்னா யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது, கெல்வின் சொன்ன எதுவும் அதுவரை தப்பாகப் போனதில்லை.

முத்திரைக்கு முதலில் மனுப் போட்டவள் லோர்னா. சோதனைக்கு வந்தவன் ஜாரட் என்ற இளைஞன், சட்டைப் பையில் ஓர் எஃகு அளவுகோல் வைத்திருந்தான். நல்ல மரியாதையான பையன். அந்த ஊரில் கடையை இழுத்து மூட வருகிறவர் கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் மூடுவார்.

"லோர்னா, நான் வந்து ரொம்ப நேரமாச்சு. வாசல் கேட்டுப் பக்கத்துல ஒரு பாட்டில எடுத்தேன், காசு போட்டேன். யாரும் என்னைத் தடுக்கல."

"எதுக்குத் தடுக்கணும்? காசு போட்டீங்கல்ல?"

"போட்டேன். ஆனா விக்கிறவர் இல்லாம ஒரு விற்பனை நடந்திருக்கு. வாங்குறவருக்குப் பொருளப் பத்தி யார் எடுத்துச் சொல்றது?"

"தேன்னு எழுதியிருக்கே தம்பி."

"அது அடுத்த பிரச்சனை," என்று ஜாரட் பாட்டிலைத் திருப்பினான். கண்ணாடியில் பழைய ஊறுகாய்க் கம்பெனியின் பெயர் புடைப்பாக வார்த்திருந்தது. "காகிதம் தேன்னு சொல்லுது, கண்ணாடி ஊறுகாய்ன்னு சொல்லுது. வாங்குறவர் எதை நம்பணும்?"

"தொறந்து பாத்தா தெரிஞ்சிடுமே."

"தொறக்கறதுக்கு முன்னாடி தெரியணும். அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

புதுப் பாட்டில் வாங்கப்பட்டது. புது லேபிளுக்குப் பேரவை விதி அனுப்பியது. சேர்மானங்கள் எழுத வேண்டும். 'தேன்' என்று எழுதினாள். சேர்மானங்கள் என்று பன்மையில் இருப்பதால் ஒன்றுக்கு மேல் இருப்பது விரும்பத்தக்கது என்று பதில் வந்தது. ஒவ்வாமை எச்சரிக்கை எழுத வேண்டும், 'இப்பொருள் தேனீக்கள் இருக்கும் இடத்தில் தயாரிக்கப்பட்டது'. ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எழுத வேண்டும். லெஸ் டோஸ்டில் ஊற்றிக்கொள்ளும் அளவை எழுதி அனுப்பினாள். அது ஒரு குடும்பத்துக்கான அளவு என்று திருத்தம் வந்தது. எதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று தேதி கேட்டார்கள்.

"தேன் கெட்டுப்போகாது தம்பி. என்ன தேதி போடட்டும்?"

"எது வேணா போடுங்க. ஆனா ரொம்ப தள்ளிப் போடாதீங்க. கெடவே கெடாதுன்னா ஜனங்களுக்குச் சந்தேகம் வரும்."

எல்லா எழுத்தும் இத்தனை உயரம் இருக்க வேண்டும் என்று அளவுகோலை வைத்து ஜாரட் காட்டினான். அச்சடித்து வந்த லேபிள் பாட்டிலை விடப் பெரிதாக இருந்தது. லோர்னா அதைப் பாட்டிலைச் சுற்றி ஒன்றரைச் சுற்றுச் சுற்றி ஒட்டினாள், பாட்டிலுக்கு லுங்கி கட்டினாற்போல. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை, பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அடுத்த ஆணை. லேபிளில் சன்னல் வெட்டினாள். வெட்டியதில் ஒவ்வாமை எச்சரிக்கை போய்விட்டது. மறுபடி அச்சு.

"இதுக்குப் பேசாம தேன லேபிள்ல எழுதி, லேபிளையே வித்துடலாம்," என்றான் லெஸ்.

"வாய மூடு லெஸ். கெல்வின் சொன்னான், வலைக்கண்ணு சின்னதா இருந்தாத்தான் அந்தக் கம்பெனிக்காரன் மாட்டுவானாம்."

"இதுவரைக்கும் மாட்டினது நீ ஒருத்திதான்."

லோர்னா பசையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள்.

அடுத்து வந்தது பள்ளத்தாக்கு விவகாரம். பெயருக்கு ஏற்றபடி தேன் முழுக்க முழுக்கப் பள்ளத்தாக்கில் எடுத்ததுதானா என்று நிரூபிக்க வேண்டும். ஜாரட் மேசையில் வரைபடத்தை விரித்தான்.

"பள்ளத்தாக்கோட எல்லை இந்த ஆறு. உங்க பெட்டிங்க ஆத்துக்கு இந்தப் பக்கம். சரி. தேனீங்க ஆத்தத் தாண்டுமா?"

"அந்தக் கரையிலயும் பூ இருக்கே. தாண்டும்."

"எத்தனை சதவீதம் தாண்டும்?"

"எண்ணிப் பாக்கல."

"தாண்டாம இருக்க நீங்க ஏதாவது ஏற்பாடு பண்ணியிருக்கீங்களா?"

லோர்னா அவன் முகத்தையே பார்த்தாள். கேலி பண்ணுகிறானோ என்று ஒரு சந்தேகம். பண்ணவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். "இல்ல," என்றாள். 'ஏற்பாடு இல்லை' என்று எழுதிக்கொண்டான். இல்லாத ஏற்பாட்டுக்கு வருத்தமாகக் கூட இருந்தது அவளுக்கு. சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்ற பயம் இன்னும் போகவில்லை.

சோதனைக்காக லோர்னாவின் தேனில் ஒரு பாட்டில் பேரவையின் சுவைக் குழுவுக்குப் போனது. குழு நகரத்தில் உட்கார்ந்திருந்தது. தேனைச் சுவைத்துச் சுவைத்து அந்த மெல்பர்ன் கம்பெனிப் பாட்டிலையே அளவுகோலாக வைத்துக்கொண்டிருந்தது, சூப்பர் மார்க்கெட்டில் அதிகம் விற்பதால் ஜனங்கள் தேன் என்று நினைப்பது அதைத்தான் என்பது காரணம். லோர்னாவின் தேனைப் பற்றி அவர்கள் எழுதியது இது: 'மரத்தின் குணம் அளவுக்கு மீறி இருக்கிறது. பூவின் வாசனை இடைஞ்சல் செய்கிறது. தானாகவே உறைகிறது. தேனை எதிர்பார்த்து வாங்குபவர் அதிர்ச்சி அடையக்கூடும்.'

அன்றைக்கு லோர்னா அழுதாள். சமையலறையில் நின்றுகொண்டே, சத்தமில்லாமல். லெஸ் கேலி எதுவும் பேசாமல் தேநீர் போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் தலைவரே நேரில் வந்தார். பழைய பிக்கப் வண்டி போய்ப் புது வண்டி வந்திருந்தது, கதவில் தங்கத் தேனீ வரைந்திருந்தது.

"மனச விட்டுடாத லோர்னா. நான் இருக்கேன்ல? ஒரு வழி இருக்கு. பொருளுக்குப் பின்னால ஒரு மனுஷக் கதை இருந்தா கூடுதல் மதிப்பெண். உன் கதையச் சொல்லு. நீ காட்டுக்குப் போறது, சேத்துல வண்டி தள்ளுறது, எல்லாம். ஒரு ஃபோட்டோ புடிச்சுக்குவாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு, முத்திரை தானா வரும்."

"என் கதையில என்னடா இருக்கு?"

"உனக்குத் தெரியாது. அதுல தங்கம் இருக்கு."

அப்புறம் கூடச் சேர்த்து, "நம்ம ரெண்டு பேரும் அன்னைக்கு ஆத்துல பெட்டி போயிடாம இழுத்தமே, அதையும் சொல்லு," என்றார். அதைச் சொன்னபோது அவர் கண்ணில் பழைய கெல்வின் ஒரு கணம் தெரிந்தான். லோர்னா அதைப் பார்த்துத்தான் சம்மதித்தாள்.

ஜாரட் வந்தான், கூட ஒரு படக்காரி வந்தாள். லோர்னா தேநீரோடு தின்ன ஸ்கோன் ரொட்டி சுட்டு வைத்தாள். நாள் முழுக்கப் பேசினாள். யாரும் அவளை அவ்வளவு நேரம் பேச விட்டதில்லை. பெட்டிகளை ஏற்றுவதைச் சொன்னாள். முதல் குழந்தை தங்காமல் போன வருஷம் தேனீக்களோடு போய் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். அதை லெஸ்ஸிடம் கூட முழுக்கச் சொன்னதில்லை. படக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே கொஞ்சம் சன்னல் பக்கம் திரும்புங்க," என்றாள். லோர்னா திரும்பினாள், காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டாள்.

முத்திரை பெற்ற முதல் தேனை வெளியிடும் விழா சமூகக் கூடத்தில் நடந்தது. பள்ளத்தாக்கே வந்திருந்தது, மெர்வ் டிரீன் கூடத் தலை சீவி வந்திருந்தான். லோர்னாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. புது நீலச் சட்டை போட்டிருந்தாள். தன் தேன்தான் முதல் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு முன்னால் வேறு யார் மனுப் போட்டார்கள்?

தலைவர் பேசினார்.

"இந்தப் பேரவைய ஆரம்பிக்கையில நம்மகிட்ட இருந்தது ஒரே ஒரு பயம். வெளியில இருக்கற யாரோ நம்ம பேர எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்கன்னு. இன்னைக்கு அந்தப் பயம் இல்ல. ஏன்னா, இப்ப முறையா நாமளே குடுக்கறோம்."

கைத்தட்டினார்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்குக் காது மந்தம், மீதிப் பேர் வந்தது சாப்பாட்டுக்கு.

தலைவர் துணியை இழுத்தார். மேசையில் அடுக்கிய பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் தங்கத் தேனீ முத்திரை. ஒவ்வொன்றிலும் சன்னல் பக்கம் திரும்பிய லோர்னாவின் முகம். மேலே 'லோர்னாவின் கோர்மன் பள்ளத்தாக்கு அசல் தேன்'. பின்பக்கம் அவள் கதை, குழந்தை உட்பட.

கூடம் முழுக்க லோர்னாவைப் பார்த்துத் தட்டியது. லோர்னாவும் தட்டினாள். எழுந்து நின்று தட்டினாள். லெஸ்தான் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து விரலை விட்டான். நாக்கில் வைத்தான். பிறகு அடியில் பொடியாக எழுதியிருந்ததைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தான்.

"லோர்னா, தட்டாத," என்றான் மெதுவாக. "இது அந்த மெல்பர்ன்காரன் பாகு."

லோர்னாவின் கைகள் அப்படியே நின்றன. கூட்டத்தில் அவள் ஒருநாளும் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"கெல்வின். இது என் தேன் இல்லையே."

"உன் தேன் தேர்வாகல லோர்னா. சுவைக் குழுவோட முடிவு, அதுல நான் தலையிடறது முறையில்ல. ஆனா உன் கதை தேர்வாயிருக்கு. முதல் மதிப்பெண்."

"இந்தப் பள்ளத்தாக்குத் தேன் கூட இல்லையே இது."

தலைவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடித் திறந்தார். நல்ல பேச்சு வருவதற்கு முன்னால் அவர் அப்படிச் செய்வார்.

"பள்ளத்தாக்குங்கறது வெறும் இடமா? ஒரு ஆறும் ரெண்டு மலையுமா? இல்ல. அது ஒரு உணர்வு. உணர்வ எங்க வேணா அடைக்கலாம், எந்தப் பீப்பாயில இருந்து வேணா அடைக்கலாம். அதேபோலத்தான் லோர்னாவும். லோர்னாவ இத்தனை நாள் நாம ஒரு ஆளா மட்டும் பாத்துட்டோம். அது அவங்களுக்குச் செஞ்ச அநியாயம். இனி லோர்னா ஒரு ஆள் இல்ல. ஒரு பண்பு. நம்ம ஒவ்வொருத்தருக்குள்ளயும் ஒரு லோர்னா இருக்காங்க."

மறுபடி கைத்தட்டல். உள்ளே லோர்னா இருப்பதாகச் சொன்னதில் சில பேருக்குக் கண் கலங்கியது. லோர்னாவுக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து மேசையில் ஆட்டுக்கறியும் பாவ்லோவா கேக்கும் பரிமாறத் தொடங்கினார்கள்.

அடுத்த வாரம் ஜாரட் வந்தான். மழையைப் பற்றிப் பேசினான். பிறகு வாசல் அலமாரியிலிருந்த பாட்டில்களைக் காட்டினான்.

"இதுல தேன்னு போட முடியாது லோர்னா, தேர்வாகாததால. 'பூச்சி வழி இனிப்புப் பொருள்'னு போடலாம், அத பேரவை அனுமதிக்குது. கோர்மன்னும் போட முடியாது. அப்புறம்..." அவனுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "லோர்னான்னும் போட முடியாது."

"அது என் பேருப்பா."

"தெரியும். வாழ்த்துகள். ஆனா கடையில லோர்னான்னு ஒரு அசல் தேன் இருக்கு. இங்கயும் லோர்னான்னு இருந்தா, ஜனங்க இத அதுன்னு நினைச்சு ஏமாந்துடுவாங்க. ஜனங்க ஏமாறக் கூடாதுன்னுதானே நீங்க எல்லாருமா இந்தப் பேரவைய ஆரம்பிச்சீங்க?"

அவன் போன பிறகு லோர்னா ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துத் தன் பெயரைச் சுரண்டினாள். காகிதம் லேசில் வரவில்லை, அவள் நகம் இரண்டு உடைந்தது.

தன் தேன் போனதை அவள் எப்படியாவது தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் மெர்வ் டிரீனின் தேனும் மற்றவர்கள் தேனும் அதே மாதிரி மரக் குணம் அதிகம் என்று திருப்பி அனுப்பப்பட்டன. பள்ளத்தாக்கின் பெயரை இப்போது பள்ளத்தாக்கில் ஒருவர்கூடப் போட முடியாது. 'அவனுக்கு நான் பொறுப்பு' என்று சொன்னவள் லோர்னா. மெர்வ் சாலையில் எதிரே வந்தால் வண்டி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவான், அந்த ஊரில் அதுதான் வணக்கம். இப்போது தூக்குவதில்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு போய்விடுகிறான். அவன் மேல் அவளுக்குக் கோபமில்லை. அவன் இடத்தில் இருந்தால் அவளும் அப்படித்தான் போவாள். ராத்திரி பகலாக அவளை அரித்தது வேறு. ஆற்றில் பெட்டி இழுத்ததைச் சொல்லச் சொன்னானே கெல்வின், அப்போது அவன் கண்ணில் தெரிந்தது உண்மையா, அதுவும் கதைக்காகத்தானா? உண்மையென்றால் இன்னும் மோசம் என்று தோன்றியது. நடிப்பென்றால் ஒரு அயோக்கியன் என்று துடைத்துவிடலாம். உண்மையான பிரியத்தோடு ஒருவன் இப்படிச் செய்வான் என்றால் அதை எங்கே கொண்டு வைப்பது?

கடைசிப் பூவும் உதிர்ந்து, தேனெல்லாம் பிழிந்து முடித்த சமயம். ஒரு காலை நேரம் கொட்டகையின் பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கெல்வின் நின்றான். தலைவராக வரவில்லை, வண்டியைச் சாலையிலேயே மரத்துக்குப் பின்னால் விட்டுவிட்டு மேய்ச்சல் நிலத்து வழியாக நடந்து வந்திருந்தான், அதனால் 'அவன்' என்றே சொல்லலாம். கையில் ஒரு காலி வாளி இருந்தது.

"எப்படி இருக்க லோர்னா?"

"இருக்கேன்."

"நல்ல வருஷம் போல. வாசனை மேய்ச்சல் வரைக்கும் வருது." வாளியை லேசாக ஆட்டினான். "என்கிட்டதான் இப்ப பெட்டி இல்லையே. வீட்டுல தேன் தீந்து போச்சு. ஒரு வாளி ஊத்திக் குடேன். லேபிள் எல்லாம் வேண்டாம். நான் ஒண்ணும் ஜாரட்கிட்ட சொல்லப் போறதில்ல."

உள்ளே தேனீப் பெட்டிக்கு மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்த லெஸ் சுத்தியலை நிறுத்தினான்.

லோர்னா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "கடையில விக்குதே கெல்வின். என் மூஞ்சி போட்டு, என் பேரு போட்டு, நீ முத்திரை குத்தினது. செத்துப்போன என் பிள்ளை கூட அதுல பின்னால இருக்கு. அத வாங்கித் தின்னு."

கெல்வின் தரையைப் பார்த்தான். "அதையா? அத எப்படித் திங்கறது? அது என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னுதான் இத்தனை நாளாத் தெரியாம இருந்தது."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். கண்ணை மூடித் திறந்தான். பேச்சு வரவில்லை. லோர்னா கதவைச் சாத்தவும் இல்லை, விலகி வழி விடவும் இல்லை. அப்படியே நின்றாள். அவன் காலி வாளியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே ஈரப் புல்லில் நடந்து போனான். அவன் வேலியைத் தாண்டும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவனை இழந்ததற்கான அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.